புதிய முயல் இனங்களை மதிப்பிடும் தரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சென்ற அக்டோபர் மாநாட்டில் நாங்கள் கொண்டுவந்த புள்ளிக் குள்ள முயல்களைத் தாங்கள் ஏற்கவில்லை. முடிவு தங்களுடையது, அதற்குக் கட்டுப்படுகிறோம். ஆனால் அந்த முடிவோடு எங்கள் கைக்கு வந்தது, முயல்கள் போதிய அளவு ஒன்றுபோல் இல்லை என்ற ஒரே ஒரு வரி. எந்த முயலில், எந்த அங்கத்தில், என்ன குறை என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒவ்வொரு முயலுக்கும் தனித்தனியே எழுத்து மூலம் காரணம் தாருங்கள் என்பதே இம்மடலின் கோரிக்கை.

குள்ள மரபணுவும் புள்ளி மரபணுவும் ஓர் இனத்தில் சேர்ந்தால் வளர்ப்பவர் படும் பாடு தாங்கள் அறியாததன்று. குள்ள மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குட்டி பிழைக்காது. ஒருவரிடமிருந்தும் பெறாதது பெருத்துவிடும். புள்ளி மரபணுவை இரட்டையாகப் பெற்ற குட்டி, சார்லி என்று நாம் சொல்லும் வெளிறிய குட்டியாகிக் குடல் கோளாறுக்கு எளிதில் ஆளாகும். பெறாத குட்டிக்குப் புள்ளியே விழாது. ஆக, அளவும் புள்ளியும் ஒருங்கே அமைவது சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்குத்தான். ஓர் ஈற்றுக்கு மூன்று நான்கு குட்டிகளே போடும் குள்ள இனத்தில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. காலையில் கூட்டுப்பெட்டியில் தாய் முயல் பரப்பிய உரோமத்தை விலக்கினால், கொழுகொழுவென்று உறங்கும் குட்டிகளுக்கு நடுவே, தலை பெருத்து, இடுப்பு ஒடுங்கி, விரல் நுனியளவு உடம்போடு, குள்ள மரபணுவை இரட்டையாகப் பெற்ற ஒன்று கிடக்கும். பால் தேடி அதன் வாய் அசைந்துகொண்டே இருக்கும். அது தேறாது என்று தெரிந்தும் உரோமத்தை மூடிவிட்டு வருகிறோம். அந்த இழப்பைத் தாண்டி மிஞ்சிய குட்டிகளிலிருந்துதான், பல்லும் நகமும் காதும் தோளும் பார்த்துக் கழித்த பிறகு, தங்கள் மேசைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.

இதற்கு வாய்க்கும் காலமும் குறுகியது. இளம் முயல்கள் காட்சி நாளில் ஆறு மாதத்திற்கு உட்பட்டிருக்க வேண்டும். ஆனால் உடலும் உரோமமும் ஓரளவு முற்றியிருக்கவும் வேண்டும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் இணை சேர்த்து, முப்பத்தோரு நாள் சினைக்குப் பின் குட்டிகளைப் பெற்றால்தான் அக்டோபருக்குச் சரியாக வரும். நாங்கள் இருக்கும் டெக்சாஸில், அதைத் தவறவிட்டால் கோடை வந்துவிடும்; கடும் வெப்பத்தில் ஆண் முயல்கள் பல வாரங்களுக்கு மலட்டுத்தன்மை அடைந்துவிடுவதும் உண்டு. ஆண்டுக்கு ஒரு வாய்ப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதை ஏப்ரலில் முடிவு செய்தாக வேண்டும். தாங்கள் கண்ட குறை இடுப்பிலா, காதின் நீளத்திலா, முதுகுப் புள்ளிகளின் பரவலிலா என்று தெரியாமல் எதை நம்பி இணை சேர்ப்பது?

அந்த மேசையருகே நானும் நின்றேன். தங்களில் ஒருவர் எங்கள் இளம் ஆண் முயலின் பின்னிடுப்பை இருமுறை தடவிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் தாளில் நெடுநேரம் எழுதினார். ஆகவே காரணம் எழுதப்பட்டிருக்கிறது, எங்களுக்குத்தான் தரப்படவில்லை. அந்தத் தாளைத் தாருங்கள். 100 மதிப்பெண்களை அங்கம் அங்கமாகப் பிரித்து, இனத்துக்கான தரவிதிகளை எங்களையே எழுதி வரச் சொல்லும் குழு, அவற்றில் எது எங்கே குறைந்தது என்பதை எங்களிடமிருந்தே மறைத்து வைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

நெதர்லாந்தில் அட்ரியான் டி காக் என்ற வளர்ப்பாளர் 1949-இல் பிரெஞ்சு லாப் என்ற தொங்குகாது முயலையும் நெதர்லாந்து குள்ள முயலையும் கலக்கத் தொடங்கினார். அதிலிருந்து உருவான ஹாலண்ட் லாப் இனத்துக்கு அங்கே அங்கீகாரம் கிடைத்தது 1964-இல். இடையில் காதுகள் சரியாகத் தொங்காததைக் கண்டு இங்கிலீஷ் லாப் என்ற மற்றொரு தொங்குகாது இனத்தைக் கலந்தார். குறை இன்னதென்று தெரிந்ததால் அவரால் திருத்த முடிந்தது. காலம் பிடிப்பதைப் பற்றி எங்களுக்கும் மனக்குறை இல்லை. பிரிட்டன் 2002-இல் ஏற்றுக்கொண்ட லயன்ஹெட் முயல் இனத்துக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைக்க 2014 வரை காத்திருந்தவர்களைப் பார்த்துத்தான் நாங்களும் இத்துறையில் இறங்கினோம்.

ஆனால் இன்று புது இனம் உருவாக்க முன்வருபவர்கள் குறைந்துவருகிறார்கள். தீவனம் விலை ஏறிவிட்டது. 2020-இல் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் முயல் ரத்தக்கசிவு நோய் பரவியபோது கண்காட்சிகள் நின்றுபோய், காட்சிக்கு வளர்த்த முயல்கள் கூண்டிலேயே வயது முதிர்ந்தன. அதையும் தாங்கி நின்றவர்கள், ஒற்றை வரி பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக விலகிப் போகிறார்கள். அவர்களோடு அவர்கள் வளர்த்த வம்சமும் போகிறது. இது முயல்களால் வந்த தோல்வி அன்று.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். மாநாட்டில் எங்கள் முயல்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் குழுவினர் எழுதிய குறிப்புகளின் நகலை, நாங்கள் இணை சேர்க்கும் ஏப்ரலுக்கு முன்பாக அனுப்பி உதவுமாறும், இனி வரும் புதிய இனங்கள் எல்லாவற்றுக்கும் அதையே வழக்கமாக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நகலெடுக்கும் செலவு இருந்தால் அதை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
புள்ளிக் குள்ள முயல் வளர்ப்போர் சார்பில் ஒருவர்