சித்திரைக்கு முன் ஒரு ஊசி

தலவாக்கலை,
மார்ச் முதல் வாரம்.

அன்பின் ராணி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சின்னவள் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு எடுத்திருக்கிறாள் என்று வாசித்ததும் சிரிப்புத்தான் வந்தது. கணக்குப் பாடம் என்றாலே உனக்கு வயிற்றுவலி வந்துவிடுமே! பிள்ளை யாரைக் கொண்டதோ. நல்லா வரட்டும்.

அம்மாவைப் பண்டாரவளையில் அண்ணன் வீட்டில் விட்டதும் நல்லதுதான். ஆனால் சீனி வருத்தத்தோடு இழுப்பும் சேர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் சுணங்காமல் பதில் எழுதுகிறேன். சித்திரைக்கு முன் அம்மாவுக்கு இன்புளுவன்சா தடுப்பூசி போட்டுவிடு. அண்ணனிடம் சொன்னால் "பார்ப்போம்" என்பார். அவர் பார்ப்பதற்குள் ஆடி பிறந்துவிடும். நீயே ஒரு சனிக்கிழமை போய்க் கூட்டிக்கொண்டு போ.

நம் நாட்டில் இந்தக் காய்ச்சல் வருடத்தில் இரண்டு தடவை ஏறும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஒன்று, நவம்பரிலிருந்து ஜனவரி வரை மற்றது. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இந்தப் பிள்ளைக் காம்பராவில் இருந்து நான் பார்ப்பதும் அதேதான். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு ஊருக்கு வருவார்கள். புதுச் சட்டையும் பிஸ்கட் டின்னும் இறங்கும்போது தடிமனும் கூடவே இறங்கும். லயத்தில் ஒரு காம்பராவுக்குள் ஆறு பேர், இருக்கிற ஒரு ஜன்னலையும் குளிருக்குச் சாத்தி வைத்திருப்போம், அடுப்புப் புகை வேறு. முதல் வீட்டில் கேட்ட இருமல் இரண்டு மூன்று நாளில் லயத்துக் கடைசி வீட்டிலும் கேட்கும். அதற்குப் பிறகு ஓடிப்போய் ஊசி போட்டுப் பெரிய பிரயோசனம் இல்லை. போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் எடுக்கும்.

நீ கேட்டிருந்தாய், தோட்டத்து ஆட்கள் ஊசிக்குப் பயப்படுகிறார்களா என்று. கொழும்பில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். பயமெல்லாம் இல்லை ராணி. பிள்ளைகளின் கிளினிக் அட்டையை எங்கள் பெண்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? சாமிப் படத்துக்குப் பின்னால், பிறப்புச் சர்டிபிகட் இருக்கும் அதே சொப்பிங் பேக்கில். ஒரு ஊசி தவறினால் மிட்வைஃப் மிஸ்ஸி வருவதற்கு முன்னால் தாயே வந்து நிற்பாள். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் போலியோ இல்லை, 2019இல் தட்டம்மையையும் ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது என்றால், அதில் மலைகளில் மழையில் நனைந்துகொண்டு பிள்ளையைத் தூக்கி வந்த தாய்மாருக்கும் பங்கு உண்டு.

இன்புளுவன்சா ஊசி அந்த அட்டையில் இல்லை, சிக்கலே அதுதான். இலவசமாகப் போடும் ஊசிகளில் இது சேரவில்லை. டவுனுக்குப் போய்த் தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். ஊசிக் காசு ஒரு நாள் சம்பளத்தில் அடங்காது. போய்வர பஸ் காசு, அன்றைக்குப் பேரும் விழாது, சம்பளமும் இல்லை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு "விழிப்புணர்வு இல்லை" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருடம் நானே காசைச் சேர்த்துக்கொண்டு டவுனில் ஒரு தனியார் இடத்துக்குப் போனேன். மருந்து முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால் நீ போகும் முன் போன் எடுத்துக் கேட்டுக்கொள்.

போன கிழமை கொழுந்து மடுவத்தில் நிறுவை முடியும்வரை நின்று பெண்களோடு இதைப் பேசினேன். கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்தபடியே ஒரு அக்கா கேட்டார், "தடிமனுக்கு யாராச்சும் சாவாங்களா புள்ள? கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சா மூணு நாள்ல போயிரும்." சாதாரணத் தடிமன் அப்படிப் போய்விடும்தான். ஆனால் இன்புளுவன்சா வந்தவர்கள் தலை தூக்க மாட்டார்கள். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், சிலருக்குச் சளி நெஞ்சுக்கு இறங்கி நிமோனியாவாகிவிடும். உலகத்தில் வருடத்துக்கு 290,000 முதல் 650,000 பேர் வரை இதனால் மூச்சுக் கோளாறு வந்து சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இந்த எண்ணைச் சொன்னபோது யாரும் அசையவில்லை. போன தை மாதம் தோட்டத்து மேல் பிரிவில், மேல் கணக்கில், இழுப்போடு செத்துப்போன தாத்தாவை நினைவுபடுத்தினேன். அப்புறம்தான் சாக்கைத் தட்டுவதை நிறுத்தினார்கள்.

இன்னொருத்தி, "போட்டா காய்ச்சல் வருமாமே" என்றாள். போடுகிற ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் இன்புளுவன்சா வராது. கை வலிக்கும், ஒரு நாள் இரண்டு நாள் உடம்பு கொஞ்சம் சுடலாம். போட்டவருக்கும் காய்ச்சல் வந்ததே என்றால், அதுவும் நடக்கும். ஊசி கிருமியோடு நன்றாகப் பொருந்துகிற வருடத்திலேயே பாதுகாப்பு நூற்றுக்கு நாற்பதிலிருந்து அறுபது வரைதான். அதை மறைக்கக் கூடாது, மறைத்தால் அடுத்த வருடம் ஒருத்தரும் வரமாட்டார்கள். ஊசி போட்டவருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போகாமல் தப்புகிறவர்கள் அதிகம் என்பதைத்தான் நான் சொல்வேன்.

அண்ணன் உன்னிடம் இரண்டு கேள்வி கேட்பார், இப்போதே சொல்லி வைக்கிறேன். போன வருடம் போட்டால் இந்த வருடம் எதற்கு? கிருமி மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்தில் இரண்டு முறை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், எந்த வகைக்கு ஊசி செய்வது என்று முடிவெடுக்கிறது. போன வருடத்து எதிர்ப்புச் சக்தியும் குறைந்துபோயிருக்கும். அடுத்தது, முன்பு நாலு வகைக்குப் போட்டார்கள், இப்போது மூன்றுதானா, ஏமாற்றுகிறார்களா? இல்லை. இன்புளுவன்சா பி வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கேயும் உறுதியாகக் காணப்படவில்லை. இல்லாத ஒன்றுக்கு எதற்கு மருந்து?

எனக்கு அம்மாவைப் போன்றவர்களுக்கு அடுத்தபடி வயிற்றுப்பிள்ளைக்காரிகள்தான் கவலை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய் கர்ப்பத்தில் போட்டால் அந்தச் சக்தி பிள்ளைக்கும் போகும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியை மறுக்கும் கர்ப்பிணியை நான் பார்த்ததில்லை. இதையும் அதே கிளினிக்கில் வைத்தால் ஒரு மறுப்பும் இருக்காது. இதை மிட்வைஃப் மிஸ்ஸியிடம் சொன்னால், "மேல சொல்லுங்க, எங்கிட்ட சொல்லி என்ன?" என்று சிரிக்கிறார். பாவம், அவர் என்ன செய்வார்.

அதனால் இந்த வருடம் வேறு வழி பார்த்தேன். நம் மரண உதவிச் சங்கத்தில் காசு இருக்கிறது. கூட்டத்தில் எழும்பி, "செத்த பிறகு கொடுக்கிற காசில் கொஞ்சத்தைச் சாகாமல் இருக்கக் கொடுங்கள்" என்று கேட்டேன். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. செயலாளர் மட்டும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறேன் என்றார். ஆனால் வாசலில் வைத்து சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கள் தாய்மாரின் பேரை முதலில் எழுதச் சொன்னார்கள்! வயதானவர்களுக்கும் சீனி, இழுப்பு, இருதய வருத்தம் இருப்பவர்களுக்கும் பாதிக் காசைச் சங்கம் போடும் என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. டிஸ்பென்சரியிலேயே போட டொக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வரத் தயார், அப்போது யாருக்கும் பேர் போகாது. மருந்து இரண்டிலிருந்து எட்டு பாகை குளிரில் இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும். கரண்ட் போகிற டிஸ்பென்சரி ஃபிரிட்ஜை நம்பாமல் ஐஸ் பெட்டியில் கொண்டு வந்து அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று அவரும் சொல்லிவிட்டார்.

உன்னால் ஒரு உதவி வேண்டும். வெள்ளவத்தையில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பாமசியில், மொத்தமாக எடுத்தால் ஒரு ஊசி என்ன விலைக்கு வரும், காலாவதித் திகதி எப்போது என்று கேட்டு எழுது. பேச்சு ஆறிப்போவதற்குள் சங்கக் கூட்டத்தில் அந்தத் துண்டை வைக்க வேண்டும். அப்படியே நீயும் ஒன்று போட்டுக்கொள், அங்கே போனால் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறவள் நீதான்.

சின்னவளுக்கு என் அன்பு. வருடப்பிறப்புக்கு வருகிறாயா என்று எழுது. வந்தால் பண்டாரவளையிலிருந்து ரயிலில் ஒரு நடை இங்கேயும் வந்து போ.

அன்புடன்,
மல்லிகா