உன்ரை பேத்தியின்ரை கேள்விக்குப் பதில்

யாழ்ப்பாணம்.

அன்புள்ள சாந்தி,

நாங்கள் சுகம். நீயும் பிள்ளையளும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுறன். இவருக்கு முழங்கால் நோ இன்னும் விட்டபாடில்லை. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நல்லாய்க் காய்ச்சிருக்கு. ஊர்ப் புதினம் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் கடலைப் பற்றித்தான் எழுதப் போறன்.

"அம்மம்மா, உங்கட ஊர்க் கடலிலையும் சீல் இருக்கோ?" எண்டு உன்ரை பேத்தி கேட்டதாய் எழுதியிருந்தாய். நீங்கள் குடும்பமாய் அமெரிக்காவின்ரை மேய்ன் கரைக்குப் போய்ப் படகேறி, சீல் எண்ட கடல்நாயளைக் கண்ட கதையைத் திருப்பித் திருப்பி வாசிச்சன். படகுக்காரர் கூட்டைத் தூக்கி, ஒவ்வொரு லொப்ஸ்டரையும் கண்குழியிலை இருந்து முதுகு ஓடு முடியிற இடம் மட்டும் அளந்து, மூண்டேகால் அங்குலத்துக்குக் குறைஞ்சதையும் அஞ்சு அங்குலத்துக்குக் கூடினதையும் திரும்பக் கடலிலை விட்டவர் எண்டு எழுதினாய். முட்டை சுமக்கிற தாயின்ரை வால் செட்டையிலை சின்னதாய் ஒரு முக்கோண வெட்டு வைச்சு விடுறதாம். பிறகு முட்டை இல்லாத நேரம் அது ஆரின்ரை கூட்டிலை அம்பிட்டாலும், அந்த வெட்டைக் கண்டு அவையும் விடத்தான் வேணுமாம். இது எனக்கு நல்லாய்ப் பிடிச்சுக்கொண்டுது. அதை வாசிச்ச கையோடைதான், மகளின்ரை பிள்ளையள் கொழும்பிலை இருந்து சித்திரை லீவுக்கு வந்தால் அதுகளையும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டு முடிவெடுத்தன். நயினை அம்மனிட்டைப் போற லோஞ்சைத் தவிர வேறை படகு ஏறாத பிள்ளையள்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலை இருந்து விடியப்புறம் வெளிக்கிட்டம். இவரோடை படிப்பிச்ச மாஸ்டரின்ரை மருமகன் நண்டு வலை விடுறவர். முதல் நாள் பின்னேரம் விட்ட வலையை எடுக்கப் போகேக்கை எங்களையும் ஏத்திக்கொண்டு போனவர். காத்தே இல்லை. நயினாதீவுக்கு அங்காலை தண்ணி அவ்வளவு தெளிவு, அடியிலை முருகைக்கல்லும் இடையிடையே கடற்புல்லும் தெரியுது. வலையிலை முழுக்க நண்டுதான். கடைசித் துண்டிலை எங்கட ஊர் லொப்ஸ்டர், ஒரு சிங்கி இறால் பட்டிருந்தது.

கையிலை எடுத்த உடனை அது "கிறீச் கிறீச்" எண்டு போட்ட சத்தத்துக்குச் சின்னவன் பயந்து என்ரை மடியிலை ஏறியிட்டான். வாயாலை கத்துற சத்தமில்லை அது. மீசையின்ரை அடிப்பக்கத்தைக் கண்ணுக்குக் கீழை இருக்கிற மேட்டிலை தேய்ச்சு எழுப்புது. பிடிக்க வாற மீன் திடுக்கிட்டு விலகவேணும் எண்டுதானாம். மூத்தவள், நீ அனுப்பின படத்தைப் பாத்திருந்தவள், "இதுக்குக் கொடுக்கு எங்கை?" எண்டு கேட்டாள். உங்கட பக்கத்து லொப்ஸ்டருக்கு ஒரு கொடுக்கு நொறுக்க, மற்றது வெட்ட. எங்கட சிங்கிக்கு ரெண்டும் இல்லை. முள்ளு நிறைஞ்ச அந்த நீட்டு மீசையும் வாலைச் சுருட்டிப் பின்னுக்குப் பாயிறதும்தான் அதுக்குக் காவல்.

பிறகு எங்கட படகுக்காரர் அதைத் திருப்பிக் காட்டினார். வாலுக்குக் கீழை முழுக்க முட்டை. கேசரியிலை கிடக்கிற ரவை மாதிரி, செம்மஞ்சளாய், ஒண்டோடை ஒண்டு ஒட்டி லட்சக்கணக்கிலை. பிள்ளையள் ரெண்டும் மூச்சு விடாமல் குனிஞ்சு பாத்துக்கொண்டிருந்ததுகள். இழுத்தெடுத்தால் கால் முறிஞ்சுபோடும் எண்டு, சின்னக் கத்தியாலை வலையின்ரை கண்ணியளை ஒவ்வொண்டாய் அறுத்து எடுத்து, படகின்ரை ஓரத்தாலை மெதுவாய்த் தண்ணியிலை விட்டார். முட்டைச் சிங்கி பிடிக்கிறது எங்கட நாட்டிலையும் சட்டப்படி தடை. ஆனாலும் சாந்தி, கிலோ ஆயிரக்கணக்கிலை விலைபோற சாமான். கேக்கிறதுக்கு அந்தக் கடலிலை ஆருமில்லை. வலை அறுந்த நட்டமும் அவருக்குத்தான். அந்த மனுசனைக் கையெடுத்துக் கும்பிடவேணும் போலை இருந்தது. அந்த முட்டை பொரிச்சு வாற குஞ்சு, அங்கால் பக்கம் தெரியிற அளவுக்கு மெல்லிசாய், இலைவடிவிலை, மாசக்கணக்காய் ஆழ்கடலிலை அலைஞ்சுதான் பிறகு கல்லுக்குள்ளை வந்து சேருமாம். இஞ்சை விட்டது எந்த ஊர்க் கரையிலை போய் வளருமோ! அது தெரிஞ்சும் விடுறார் பார்.

இனிப் பேத்தியின்ரை கேள்வி. இஞ்சை சீல் இல்லை எண்டு சொல்லு. ஆனால் கடற்பசு இருக்கு எண்டும் கட்டாயம் சொல்லு. சீல் மீன் பிடிச்சுத் தின்னுது, கல்லிலை ஏறிப் படுக்குது, கரையிலை குட்டி போடுது. கடற்பசு ஒருநாளும் கரையேறாது. கடற்புல்லைத்தான் மேயும். யானைக்குச் சொந்தக்காரர் எண்டால் நம்புவாளோ? மன்னார்க் கடலிலையும் பாக்கு நீரிணையிலையும் இப்பவும் இருக்கு, ஆனால் காணக் கிடைக்கிறது அருமை. நாங்களும் காணேல்லை. இறைச்சிக்காகப் பிடிச்சுப் பிடிச்சே பெரும்பாலும் முடிச்சுப்போட்டினம். ஒரு குட்டிக்கு ஒரு வருசத்துக்கு மேலை சுமக்கிற சீவன், அடுத்த குட்டிக்கும் பல வருசம் எடுக்கும். வலையிலை சிக்கி மூச்செடுக்க மேலை வர ஏலாமல் போனால் செத்துப்போகும்.

மேய்னிலையும் ஒரு காலம் சீலைக் கொன்றால் காசு குடுத்தவையாம். 1972இலை அமெரிக்கா கடல் பாலூட்டியளைக் காக்கச் சட்டம் போட்ட பிறகுதான், உன்ரை பேத்தி கண்டமாதிரிக் கல்லெல்லாம் சீல் வந்து படுக்கிற அளவுக்குப் பெருகினது. இதைத்தான் நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அங்கை ஏலுமெண்டால் இஞ்சையும் ஏலும். தமிழ்நாட்டுப் பக்கம் 2022இலை பாக்கு விரிகுடாவிலை 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுவுக்கெண்டு ஒதுக்கியிருக்கினம். இஞ்சை கடலடியை வாரியிழுக்கிற இழுவைமடி வலையை 2017இலை சட்டத்தாலை தடைசெய்தாச்சு. ஆனாலும் மடி இழுத்த இடத்திலை புல்லு வேரோடை போயிடுது எண்டு படகுக்காரர் சொல்லேக்கை அவரின்ரை குரல் மாறிப்போச்சு. புல்லு இல்லாத இடத்திலை கடற்பசு மட்டுமில்லை, அவரின்ரை நண்டும் இல்லை.

மூத்தவள் பள்ளிக்கூடத்திலை சொல்லுறதுக்குச் சிங்கியையும் சீலையும் பக்கத்திலை பக்கத்திலை கீறி வைச்சிருக்கிறாள். உன்ரை பேத்தியிட்டைச் சொல்லி, அந்த அளக்கிற கருவியின்ரை படத்தையும் வால் வெட்டின்ரை படத்தையும் அனுப்பச் சொல்லு. படகுக்காரருக்கும் காட்டவேணும், கேட்டவர்.

நீங்கள் ஆவணியிலை வர யோசிக்கிறதாய் எழுதியிருந்தாய். நல்லூர்த் திருவிழாவுக்கு அது சரி, கடலுக்குச் சரிவராது, சோளகக் காத்து நிக்கும். பேத்தியைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் பங்குனி, சித்திரையிலை வாங்கோ. ரிக்கற் போட முதல் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லு, படகுக்கு நான் சொல்லி வைக்கிறன்.

அன்புடன்,
கமலா