அக்குள் சுத்தம், அப்புறம் எதற்குக் கத்தி?

அன்புள்ள செல்வி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை டாக்டராகப் படிக்க முடியவில்லை. உனக்கு மார்பகப் புற்றுநோய் என்ற வரியைத் தாண்டி, மூன்றாம் தடவைதான் நீ கேட்ட கேள்வி கண்ணில் பட்டது. “அக்குள் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் எதற்கு அங்கேயும் கத்தி வைக்கிறேன் என்கிறார் சர்ஜன்?” உன்னைத் தவிர யாரும் இவ்வளவு கோபமாகக் கேட்டதில்லை. நியாயமான கோபம்தான்.

இருபத்தாறு வருஷமாக அந்த இருட்டறையில் உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிணநீர்க் கணு என்பது உடம்பில் ஓடும் நிணநீரை வடிகட்டும் சின்ன முடிச்சு. நல்ல கணு அல்ட்ராசவுண்ட் திரையில் அவரை விதை மாதிரி தெரியும். நடுவில் கொழுப்பு வெள்ளையாக, அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு ஓரம். அந்த ஓரம் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் புடைத்தாலோ, நடுவெள்ளை நசுங்கி மறைந்தாலோ எனக்கு ஊசி ஞாபகம் வந்துவிடும். படத்தைப் பார்த்து சந்தேகப்படலாம், அவ்வளவுதான். புற்றுநோய் என்று சொல்ல, ஊசியில் எடுத்த செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும்.

நானும் சறுக்கியிருக்கிறேன். கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்த சமயம், ஒரு பெண்ணுக்கு அக்குளில் நெறி கட்டியிருந்தது. ஓரம் நன்றாகத் தடித்திருந்தது. சந்தேகத்துக்குரியது என்று எழுதிவிட்டேன். ஊசியில் செல் எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. முந்தின வாரம்தான் அதே கையில் தடுப்பூசி போட்டிருக்கிறாள். நான் கேட்கவே இல்லை. அந்த வீட்டில் ஒரு வாரம் யாரும் தூங்கவில்லையாம். இப்போதெல்லாம் உடம்பில் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவியான ப்ரோபைக் கையில் எடுக்கும் முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இல்லாததை இருக்கிறது என்று ஸ்கேன் காட்டுவதைவிட, இருப்பதைக் காட்டாமல் விடுவதுதான் இங்கே சிக்கல். கணுவுக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நோய் ஒட்டியிருந்தால் என் திரையில் அது அழகான அவரை விதையாகவே தெரியும். எம்ஆர்ஐயும் சரி, பெட் ஸ்கேனும் சரி, அவ்வளவு சிறியதை நம்பிச் சொல்ல முடியாது. அதனால்தான் சர்ஜன் காவல் கணுவைத் தேடுகிறார். கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு அது. நோய் பரவியிருந்தால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் தங்கும்.

கண்டுபிடிக்கும் விதம் உனக்குப் பிடிக்கும். மார்பில் கொஞ்சம் டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தும், பெரும்பாலும் அதோடு ஒரு நீலச் சாயமும் ஏற்றுவார்கள். அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவியை அக்குளில் வைத்து நகர்த்தினால், மருந்து சேர்ந்த இடத்தில் அது கீச்சிடும். அங்கே சின்னதாகக் கீறினால் நீலக் கணு தெரியும். இரண்டு மூன்றை எடுத்தால் போதும். மறுநாள் சிறுநீர் நீலப் பச்சையாகப் போகும். பயந்து ராத்திரி எனக்கு ஃபோன் செய்யாதே!

முன்பெல்லாம் அக்குளையே வழித்தெடுத்துவிடுவார்கள். 1890களில் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க சர்ஜன் தொடங்கி வைத்த வழக்கம். எல்லாக் கணுவையும் எடுத்தால் உயிர் பிழைக்கலாம் என்று நம்பினார்கள். 1971இல் அமெரிக்காவில் தொடங்கி 25 வருஷம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், கையால் தடவிப் பார்த்துக் கணு தட்டுப்படாத பெண்களுக்கு அதை முதலிலேயே எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. அதற்கான விலையைக் கைதான் கொடுத்தது. காவல் கணுவில் நோய் இருந்தவர்களை ஐரோப்பாவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஐந்து வருஷத்தில் முழுதாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குக் கை வீக்கம் இருந்தது. அதற்குப் பதில் ரேடியேஷன் வாங்கியவர்களில் 11 பேருக்கு. அக்குளில் நோய் திரும்பி வந்தது இரண்டு பக்கமும் சொற்பமே. அதனால் காவல் கணு ஒன்றிரண்டில் நோய் தெரிந்தால்கூட, கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் தருகிற பலருக்கு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள்.

நீ விடமாட்டாய், அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். ஸ்கேன் சுத்தமாக இருந்தால் காவல் கணுவையும் விட்டுவிடலாமே என்பாய். 2023இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு அதைத்தான் சொன்னது. ஆனால் அது 2 சென்டிமீட்டர் வரையான கட்டிகளுக்கு. உன்னுடையது இரண்டரை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வந்திருந்தால் எடுக்கத்தான் சொல்வேன். கீமோ வேண்டுமா, ரேடியேஷன் எதுவரை என்று முடிவு செய்ய அந்தத் தகவலும் உதவும்.

ரிப்போர்ட் வந்ததும் எண்களை நீயே பார்ப்பாய் என்பதால் சொல்லிவைக்கிறேன். 0.2 மில்லிமீட்டருக்குள் சிதறிய செல்கள் இருந்தால் நோயில்லாத கணு என்றே கணக்கு. 2 மில்லிமீட்டர் வரை நுண்பரவல். அதற்கு மேல்தான் முழுக் கணக்கு. நோய் உள்ள கணுக்களை எண்ணி ‘என்’ என்ற எழுத்தோடு படி போடுவார்கள்: அக்குளில் மூன்று கணு வரை என்1, நாலிலிருந்து ஒன்பது வரை என்2, பத்தும் அதற்கு மேலும் என்3. பத்தைப் பற்றி நீ இப்போது யோசிக்க வேண்டாம்.

என் சங்கதி ஒன்றுதான். ப்ரோபைப் பிடித்துப் பிடித்து வலது தோள் இறுகிவிட்டது. சுவரில் விரலால் ஏறும் பயிற்சி தந்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கும் அதையே தருவார்கள், பார். யார் உயரமாக ஏறுகிறோம் என்று போட்டி வைத்துக்கொள்ளலாம். இடது பக்கம் என்றாய், நீ இடது கைக்காரி வேறு. கையெழுத்து போட வேண்டியதையெல்லாம் முன்னாலேயே போட்டு வை.

தேதி குறித்ததும் எழுது. நான் லீவு சொல்ல வேண்டும்.

உன்,
வசந்தா