உடற்கல்வியைக் காலை வேளைக்கு மாற்றுங்கள்: கடலோரப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மண்டபம் முதல் சாயல்குடி வரை கடலோரப் பள்ளிகளின் மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், பாடவேளை அட்டவணை போடும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு அட்டவணையிலும் பி.டி. வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். பத்தாம் வகுப்புக்குத் தாளில் மட்டும் இருக்கிறது. அரையாண்டு நெருங்கியதும் அது கணக்குக்குப் போய்விடும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும்.

மதியம் 2 மணிக்கு மைதானத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். காய்ந்த மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. செருப்போடு ஓடினால் வார் அறுகிறது. கான்வாஸ் ஷூவுக்குள் மணல் ஏறிக் கொப்புளம் போடுகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூக்கிப் போட்ட வாலிபால் நினைத்த இடத்தில் இறங்காது. சுண்ணாம்புக் கோடு வகுப்பு முடியுமுன் கலைந்துவிடும். கடைசியில் பத்துப் பையன்களிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை வேப்பமர நிழலில் உட்கார வைக்க வேண்டியதாகிறது. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த நிழலில்தான். சில மாதம் இப்படிப் போனால், "எனக்கு விளையாட்டு வராது சார்" என்று பிள்ளையே முடிவு கட்டிவிடுகிறது. அதன்பிறகு அதற்கு ஆர்வமில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

காலை முதல் இரண்டு பாடவேளைகளை உடற்கல்விக்குக் கொடுங்கள். ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரு பிரிவு உள்ள உயர்நிலைப் பள்ளியில் 5 பிரிவுகள். வாரம் தலா 2 வேளை என்றால் 10. திங்கள் முதல் வெள்ளி வரை முதலிரண்டு வேளைகளும் சரியாக 10. ஓர் ஆசிரியரே போதும். பிரிவுகள் கூடுதலான பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டுக்காவது முதலில் கொடுங்கள்.

நேரத்தை மாற்றிவிட்டுப் பாடத்தைப் பழையபடியே நடத்தினால் பயனில்லை. நீளம் தாண்டுதலுக்கு 40 பேரை ஒரே வரிசையில் நிறுத்தினால், ஓடி, தாண்டி, அளந்து, குழியை நிரவ ஆளுக்கு 50 விநாடி. 35 நிமிடத்தில் ஒருவருக்கு ஒரு தாண்டல்தான். அவர்களையே ஐந்தைந்து பேராகப் பிரித்து, மணலில் எட்டுக் கோடு கிழித்து, நின்ற இடத்திலிருந்து தாண்டச் சொன்னால் ஒவ்வொருவரும் 20 முறையாவது தாண்டுவார்கள். பீச் வாலிபால் தளத்துக்கு 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சுற்றிக் கட்ட 48 மீட்டர் தட்டை நாடா போதும். நாலு மூலையிலும் கட்டையை ஒரு முழம் புதைத்து நாடாவைக் கட்டுங்கள். தடித்த கயிறு கால் இடறும். அவுட் ஆனவர் வெளியே உட்காரும் ஆட்டங்களைக் குறையுங்கள். பயிற்சி அதிகம் வேண்டிய பிள்ளைதான் அதில் முதலில் வெளியேறுகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு வைக்கும் கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வில் 600 மீட்டர் ஓட்டம் இருக்கிறது. இளகிய மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும். அப்படி ஓடியவனைக் கெட்டித் தரைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சராசரிக்குக் கீழே என்று எழுதுவது அநியாயம். ஜூனில் அவன் எடுத்த நேரத்தையும் டிசம்பரில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவனிடமே காட்டுங்கள்.

அக்கம்பக்கப் பள்ளிகள் மோதும் குறுவட்ட விளையாட்டுப் போட்டி வந்தால் மட்டும் உடற்கல்வி ஆசிரியரைத் தேடுகிறீர்கள். கோப்பை வேண்டும், பாடவேளை கிடையாது! மைதானமும் விளையாட்டுக் கருவிகளும் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்த மைதானம் பூட்டிக் கிடக்கவா?

காலை முதல் இரண்டு வேளைகள். அவற்றை வேறு பாடத்துக்கு மாற்றுவதில்லை என்று அட்டவணையிலேயே எழுதி, உங்கள் கையெழுத்தோடு ஒட்டித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலோரப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள்