15,000 ரூபாயும் ஒரு மளிகைக்கடையும்

கடலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், தரையில் ஒரு பொருள் வைக்க முடியவில்லை. நான் காலையில் சில்வர் பீச் வரை நடந்துவிட்டு வருகிறேன். முழங்கால் பரவாயில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா வேலையை விட்டுவிட்டுச் சிறுதானியச் சத்துமாவுத் தொழில் தொடங்கப் போகிறேன் என்கிறாள். மலிவு விலை ஓட்டல் அறை கம்பெனியான ஓயோவைத் தொடங்கிய ரித்தேஷ் அகர்வாலின் பேட்டிகளைப் பார்த்துவிட்டு, அந்த வயதில் அவரால் முடிந்தது என்னால் முடியாதா என்று கேட்கிறாள். வறுக்க, அரைக்க, பாக்கெட் போட என்று மெஷின்கள் வாங்க ஏரிக்கரை நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று நீ கேட்கிறாய். நிலத்தை வைக்காதே. ஆனால் பாப்பாவைத் தடுக்கவும் செய்யாதே. ஏன் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த நீளக் கடிதம்.

ரித்தேஷ் அகர்வால் கெட்டிக்காரர்தான், சந்தேகமே இல்லை. ஒடிசாவிலிருந்து வந்த பையன், 2013-இல் 19 வயதில் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கிற தீல் ஃபெல்லோஷிப் என்ற உதவித்தொகை மூலம் ஒரு லட்சம் டாலர் பெற்றார். இரண்டு வருடத்தில் சாஃப்ட்பேங்க் மாதிரி பெரிய முதலீட்டாளர்கள் பின்னால் வந்து நின்றார்கள். அந்த வழியில் போகிறவர்களுக்கு வருடக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள வேறொருவர் பணம் இருக்கும். சத்துமாவு அந்த வழியில் போகிற சரக்கு இல்லை. இருந்தாலும் அவரிடம் பாப்பா பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஓயோ தொடங்குவதற்கு முன்னால் மலிவான விடுதிகளில் தானே போய்த் தங்கிப் பார்த்தவர் அவர். படுக்கை எப்படி, குளியலறை எப்படி, எங்கே குறை என்று அனுபவித்துத் தெரிந்துகொண்டார். பேட்டிகளில் அந்தப் பகுதி வரும்போது பாப்பாவை நிறுத்திக் கேட்கச் சொல்.

எனக்கு அவரைவிட அவள் நம்ம கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதனைப் படிக்க வேண்டும் என்று ஆசை. அவருடைய கெவின்கேர் இன்று பெரிய கம்பெனி என்பதால் அவர் ஆரம்பித்த இடம் இந்த ஊர் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். 1983-இல், 22 வயதில், கையில் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தயாரிக்க ஆரம்பித்தார். எல்லோரும் இந்த ஒரு வரியைச் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த 15,000 எப்படிச் செலவானது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம், பேங்க் புத்தி.

குடியிருக்க ஒரு வீடு, மாத வாடகை 250 ரூபாய். தயாரிக்க ஒரு இடம், வாடகை 300 ரூபாய். மெஷின் 3,000 ரூபாய். கூட நாலு ஆட்கள். கணக்குப் போட்டுப் பார். போட்ட முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் மெஷினுக்குப் போயிருக்கிறது. இரண்டு வாடகையும் சேர்த்து மாதம் 550. மீதிப் பணம் சரக்காகவும் கூலியாகவும் சுழன்றிருக்கிறது. முதல் மாதம் விற்றது 20,000 சாஷே, அதாவது ஒருமுறைக்கான சின்னப் பாக்கெட். இரண்டாவது மாதத்திலிருந்து லாபம் வர ஆரம்பித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மெஷினில் பணம் மாட்டிக்கொள்ளாததால் தப்பு நடந்தாலும் திருத்திக்கொள்ள அவருக்கு இடம் இருந்தது. நிலத்தை வைத்து மெஷின் வாங்கினால் பாப்பாவுக்கு அந்த இடம் இருக்காது. முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்டுவதற்காக விற்க வேண்டிவரும். அப்படி விற்கிறவர்கள் கேட்ட கடைக்கெல்லாம் கடனுக்குச் சரக்கு கொடுப்பார்கள். பணம் திரும்பாது. கடன் பிரிவில் உட்கார்ந்து இதை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள், நல்ல சரக்கு, ஆனால் மூலையில் மெஷின் தூசி படிந்து நிற்கும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரைச் 'சுயமாக முன்னேறியவர்' என்று எழுதுகிறார்கள். பணத்தைப் பொறுத்தவரை அது உண்மை. அண்ணன்மார் நடத்திய குடும்பத் தொழிலிலிருந்து கருத்து ஒத்துப்போகாமல் வெளியே வந்தபோது, பங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அவர் வெறுங்கையோடு வரவில்லை, மாப்ளே. அப்பா சின்னிகிருஷ்ணன் இந்த ஊரில் மருந்துப் பொருட்களும் அழகுசாதனப் பொருட்களும் தயாரித்தவர். எப்சம் உப்பையும் டால்கம் பவுடரையும் சின்னச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்றவர். பணக்காரர் வாங்குவதைக் கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஷாம்பைச் சாஷேயில் அடைத்த முன்னோடிகளில் அவர் ஒருவர். அவர் தொழிலில் பெரிய பணம் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். பிள்ளை ரங்கநாதன் படிப்பில் சுமார்தான். சின்ன வயதில் புறா, மீன், கிளி என்று வளர்த்து விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதித்தவன். சின்னப் பாக்கெட், அதை வாங்குகிற கை, அந்தக் கையிலிருக்கும் சில்லறை, இவையெல்லாம் அவன் பார்த்து வளர்ந்தவை. தன் தயாரிப்புக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துகளை வைத்துத்தான் சிக் என்று பெயர் வைத்தான்.

அதனால்தான் 22 வயதில் வந்த துணிச்சலை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். அவர் ஷாம்பு செய்யத் தெரிந்து ஷாம்பு தொழிலுக்குப் போனார். வாங்குகிறவரைத் தெரிந்து விலை வைத்தார். துணிச்சல் அதற்குப் பிறகு வந்தது.

அவர் வியாபாரம் பெருகிய கதையை பாப்பாவுக்கு நீயே உட்கார்ந்து சொல். அன்றைக்குத் தெற்கே கிராமங்களில் தலைக்குச் சீயக்காய் இல்லாவிட்டால் குளிக்கிற சோப்புத்தான். ஷாம்பு என்றால் என்னவென்று தெரியாது. இவர்கள் ஊர் ஊராகப் போய், ஒரு பையனைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைத்துத் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் விட்டார்கள். ரஜினி படம் திரையிட்டு நடுவில் தங்கள் விளம்பரத்தைப் போட்டு, படம் முடிந்ததும் சாஷே இலவசமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அந்தப் பக்கத்துக் கடைகளில் விற்பனை மூன்று நான்கு மடங்கு ஏறியதாம்.

காலி சாஷே திட்டம் உனக்கே நினைவிருக்கும், நீ கடையில் உட்கார்ந்திருந்த காலம். எந்த ஷாம்பின் காலி சாஷேயாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி சாஷேக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். முதல் பாதியில் மற்றவர்களின் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்க வைத்தார்கள், இரண்டாம் பாதியில் பிடித்தவர்களைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது. அப்புறம் மல்லிகை, ரோஜா வாசனை வந்தது, நம் பெண்கள் தலையில் வைக்கிற பூவின் வாசனை. விற்பனை 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்துக்கு வந்தபின் மாதம் ஒரு கோடி. வரிசையைக் கவனி. கூலிக்காரர் கையில் சரக்கு போய்ச் சேர்ந்தபிறகுதான் நடிகை வருகிறார். இப்போது வருகிற பிள்ளைகள் லோகோவும் வீடியோவும் முதலில் செய்துவிட்டுச் சரக்கைப் பிறகு யோசிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் வங்கிக்குப் போன கதை. சொத்து ஜாமீன் கொடுக்க ஒன்றும் இல்லை. கடன் கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று. கடைசியில் ஒரு மேலாளர், இவரிடம் அடமானம் இல்லாவிட்டாலும் மற்ற சிறுதொழில்காரர்களைப் போலில்லாமல் இவர் வருமான வரி கட்டுகிறார் என்று எழுதிப் பரிந்துரை செய்தாராம். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். வரி கட்டாமல் மிச்சம் பிடிக்கிறவர் தன் வியாபாரத்தின் அளவைத் தானே மறைத்துவிடுகிறார். பிறகு வங்கியில் வந்து, நான் இவ்வளவு விற்கிறேன் என்றால் எதை வைத்து நம்புவது? பாப்பா முதல் பாக்கெட் விற்கும் நாளிலிருந்தே பில் போடட்டும். நடப்புக் கணக்கு ஒன்று தனியாகத் தொடங்கி எல்லா வரவும் அதன் வழியாகவே வரட்டும்.

ஒன்று மட்டும் அவர் காலத்திலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது. ஏழைக்கும் எட்டிய அந்தச் சாஷேயின் உறை இன்று நம் வாய்க்கால்களில் அடைத்துக் கிடக்கிறது. பல அடுக்கு பிளாஸ்டிக், மறுசுழற்சிக்கு எடுப்பாரில்லை. 1983-இல் யாரும் அதை யோசிக்கவில்லை. 2019-இலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. இன்று தொழில் தொடங்குகிற பிள்ளைக்கு அந்தப் பொறுப்பு முதல் நாளிலேயே உண்டு. வெறும் காகிதப் பையில் போட்டால் மாவு ஈரம் வாங்கி வண்டு வைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஊருக்குள் விற்கிறவரை, டப்பா கொண்டுவந்தால் அளந்து கொடுக்கலாம், விலையிலும் கொஞ்சம் குறைக்கலாம். உன் கடையில் அது நடக்கும்.

இப்போது அவளுடைய சரக்குக்கு வருகிறேன். குழந்தைகளுக்கான சத்துமாவு என்று எழுதியிருக்கிறாய். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு இலவசமாகவே கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் பெண்ணாடத்தைச் சுற்றி இருக்கிற தாய்மார் எதற்காகக் காசு கொடுத்து இவளிடம் வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்க வேண்டும். என் மனதில் படுவது வேறு ஆட்கள். தங்கச்சி மாதிரி சர்க்கரை உள்ளவர்கள், விடியற்காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள், தனியாக இருக்கிற வயதானவர்கள். ஒரு வேளைக் கஞ்சிக்கு ஒரு பாக்கெட், பத்து ரூபாய் என்றால் இவர்கள் வாங்குவார்களா? வறுத்த வாசனை பிடிக்குமா, வெல்லம் சேர்க்கலாமா கூடாதா, உப்புப் போட்டுக் குடிப்பவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரியாது. அவளுக்கும் இன்னும் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு இடம் இருக்கிறது, உன் கடை. அங்கே பொட்டுக்கடலை எடைபோட்டு வளர்ந்த பெண் அவள். யார் கால் கிலோ கேட்பார், யார் மாதச் சாமான் வாங்குவார், யார் பற்று எழுதச் சொல்லுவார் என்று அவளுக்கு மனப்பாடம். ரங்கநாதனுக்கு அவர் அப்பா விட்டுப்போனது போல நீ அவளுக்குக் கொடுத்திருப்பது அதுதான். அது நிலத்தைவிடப் பெரிய முதல் என்று அவளிடம் சொல், உன் வாயால் சொல்.

ஆகவே என் யோசனை இது. மெஷின் எதுவும் வேண்டாம். கம்பு, கேழ்வரகு, சாமை, தினை வாங்கிக் கழுவிக் காயவைத்து வறுத்து, உங்கள் தெரு மாவு மில்லிலேயே கூலிக்கு அரைக்கட்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் முதலில் எடுத்துவிடட்டும், இரண்டையும் ஆன்லைனிலேயே செய்யலாம். சில மாதம் உன் கடையிலும் பக்கத்து ஊர்க் கடைகள் சிலவற்றிலும் விற்கட்டும். ஒருமுறை வாங்கியவர் மறுபடி கேட்டு வருகிறாரா என்று மட்டும் நோட்டில் எழுதட்டும். புதிதாக எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைவிட அந்த எண்தான் எனக்கு வேண்டும். வேலையையும் அதுவரை விட வேண்டாம். சனி, ஞாயிறு போதும், மற்ற நாளில் நீயும் தங்கச்சியும் பார்த்துக்கொள்ள முடியும்.

அந்த நோட்டு நல்லதாக வந்தால் கடன் பேசலாம். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரைக்கும், கிஷோர் பிரிவில் ஐந்து லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாமல் கிடைக்கும். கொஞ்சம் பெரிதாகச் செய்யும் நிலை வந்தால் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் மானியமும் உண்டு. இங்கே மாவட்டத் தொழில் மையத்துக்கு நானே அவளைக் கூட்டிப் போகிறேன். விண்ணப்பம் எழுதுவதில் என் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை.

நிலப் பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்துப் பூட்டு. பாப்பா என்மேல் கோபப்பட்டால் படட்டும். மாமாவிடம் வந்து நேரில் சண்டை போடச் சொல். வரும்போது வெல்லம் போட்டது ஒன்றும் போடாதது ஒன்றுமாக அரைக் கிலோ மாவு கொண்டுவரட்டும். இந்தத் தெருவில் சர்க்கரைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், குடித்துப் பார்த்து உள்ளதைச் சொல்கிறோம். அரைக்கூலி கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது என்றும் எழுது. அடக்க விலையை நான் போட்டுப் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்