வாக்குக் கொடுத்தவர் யார் என்று எழுதி வாங்குங்கள்: என்.சி.ஏ.ஏ. தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார்லி பேக்கர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் ஜேடன் ரஷாடா விவகாரத்தில் உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. புளோரிடா பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்த விதத்தை 2023-லேயே விசாரிக்கத் தொடங்கியது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் உங்கள் சங்கம்தான். ஆனாலும் 2025 அக்டோபரில் வந்த செய்தியைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. புளோரிடா தன் பயிற்சியாளர் பில்லி நேப்பியரை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது சுமார் 2.1 கோடி டாலர். சரி, எழுதிக் கொடுத்ததைக் கொடுக்கத்தான் வேண்டும். அதே அணிக்கு ஆட வரச் சம்மதித்த பையனுக்குப் பேசிய பணம் என்ன ஆனது?

2022 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ரஷாடா அப்போது கலிபோர்னியாவில் பள்ளி முடிக்கும் தறுவாயில் இருந்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். மியாமி பல்கலைக்கழகத்துக்குச் சொன்ன வார்த்தையை மாற்றிக்கொண்டு புளோரிடாவுக்குச் சம்மதித்திருந்தார். பூஸ்டர்கள், அதாவது அணியின் பணக்கார ஆதரவாளர்கள், தரப்பில் பேசியது 4 ஆண்டுகளுக்கு 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர். முதல் தவணையான 5 லட்சம் டிசம்பர் 5-க்குள் வர வேண்டும். வரவில்லை. மறுநாள் வந்தது, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்கிறோம் என்ற கடிதம். 15 நாள் கழித்து சைனிங் டே, எந்தக் கல்லூரிக்கு ஆடப் போகிறோம் என்று பையன்கள் கையெழுத்துப் போடும் நாள். கையெழுத்துப் போடாவிட்டால் ஸ்காலர்ஷிப்பும் போய்விடலாம் என்று அன்று மிரட்டினார்கள், போட்டால் 10 லட்சம் டாலர் வரும் என்று நேப்பியரே தந்தையிடம் உறுதி சொன்னார் என்கிறது வழக்கு மனு. இதெல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். என் மனதை அறுப்பது அந்த வீட்டின் அன்றைய நிலைமை. கையில் இருப்பது முறிந்துபோன ஒப்பந்தம். மறுமுனையில் ஒரு குரல். மற்ற பையன்கள் சேரும் கல்லூரியின் தொப்பியை மாட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் நாளில், தகப்பனும் மகனும் ஒரு போன் பேச்சை நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நம்பினார்கள், கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பணம் வராததால் ஜனவரியில் ரஷாடா தன்னை விடுவிக்கக் கேட்டார். தந்தை ஆடிய அரிசோனா ஸ்டேட்டுக்குப் போனார், அங்கே 3 ஆட்டம். அடுத்து ஜார்ஜியா, 2024 முழுக்க ஓர் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. பிறகு சாக்ரமெண்டோ ஸ்டேட். 3 ஆண்டில் 3 கல்லூரி. களத்தில் ஒரே ஒரு குவார்ட்டர்பேக்குக்குத்தான் இடம். பயிற்சியாளர் மாறினால் பிளேபுக்கும், அதாவது ஆட்டத் திட்டங்களின் தொகுப்பும், மாறும். போன இடமெல்லாம் முதல் எழுத்திலிருந்து படிக்க வேண்டும். இந்தப் பையனைத்தான் பணத்தாசை பிடித்தவன் என்கிறார்கள். கேட்கவே வயிறு எரிகிறது.

2024 மே மாதம் அவர் நேப்பியர் மீதும் மற்ற இருவர் மீதும் வழக்குப் போட்டார். அதைத் தள்ளுபடி செய்யக் கேட்டார்கள். மேலே நடக்கட்டும் என்று 2025 ஏப்ரலில் நீதிபதி சொல்லிவிட்டார்.

ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிப்பது பற்றிய என்.ஐ.எல். விதிகளை அமல்படுத்தக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் டென்னசி நீதிமன்றம் தடை போட்டதைக் காட்டி, எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் பையன்கள் பணம் பேசுவதைத் தடுக்காதே என்றுதான் அந்தத் தடை சொன்னது. பேசிய பணத்துக்கு ஆள் காட்டு என்று கல்லூரியைக் கேட்க அதில் என்ன தடை? இப்போது 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களைப் பரிசோதிக்கத் தனி அமைப்பே வந்துவிட்டது. பணம் அதிகமா, விலை நியாயமா என்று பார்க்கிறார்கள். வந்து சேர்ந்ததா என்று யார் பார்க்கிறார்கள்? 2024 செப்டம்பரில் மேத்யூ ஸ்லூகா என்ற குவார்ட்டர்பேக், முதல் 3 ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்துவிட்டு, லாஸ் வேகஸில் உள்ள யு.என்.எல்.வி. பல்கலைக்கழக அணியை விட்டுப் போனார். ஒரு லட்சம் டாலர் என்று வாய்வார்த்தையாகச் சொன்னது வரவில்லை என்றது அவர் தரப்பு. முறையாக எந்தப் பணமும் பேசப்படவில்லை என்றது அந்த அணிக்காகப் பணம் திரட்டும் ஆதரவாளர் அமைப்பு. எழுத்து இல்லாத இடத்தில் யார் சொல்வதை நம்புவது?

பயிற்சியாளருக்கு ஏஜெண்டு, வக்கீல், நீக்கினாலும் பணம். டிக்கெட் விலை ஏறுகிறது, டி.வி. பணம் கொட்டுகிறது, மைதானங்கள் பெரிதாகின்றன. பள்ளிப் பையனுக்கு மட்டும் ஒரு போன் கால். இது எந்த ஊர் நியாயம், ஐயா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மாணவர் கையெழுத்துப் போடும் முன், அவருக்குப் பேசிய பணம் எவ்வளவு, கொடுக்க வேண்டியவர் யார், எந்தத் தேதியில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் படித்துச் சொல்ல, கல்லூரிக்கும் பூஸ்டருக்கும் சம்பந்தமில்லாத ஒரு வக்கீல் அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லையென்றால் அந்தக் கையெழுத்தை நீங்கள் ஏற்கக் கூடாது.

சைனிங் டே இப்போது டிசம்பர் முதல் புதன்கிழமையில் தொடங்குகிறது. அடுத்த டிசம்பருக்குள் இதை விதியாக்கித் தரும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை தவறாமல் ஆட்டம் பார்க்கும் ஒரு ரசிகன்