சிறுமலை மஞ்சள் காளானுக்குப் பெயர் வைக்கும் முன்

மதுரை

அன்பு மகன் இளங்கோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். சிறுமலையில் நீ எடுத்த படங்களைப் பார்த்தேன். ஒன்றரை சென்டிமீட்டர் குடை, பளிச்சென்ற மஞ்சள், தொட்டால் முறியும் காம்பு, இலைச்சருகில் முளைத்தது. புதுச் சிற்றினமாக இருக்கலாம் என்று நீ எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை, தம்பி. நம் பக்கத்து மலைகளில் இவ்வளவு சிறிய காளான்களை உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஆனால் புதிதா இல்லையா என்பது படத்தில் தெரியாது. ஏற்கெனவே பெயர் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் அது இல்லை என்று காரணத்தோடு எழுதி முடிக்கும்போதுதான் தெரியும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது லூகோகோப்ரினஸ் பிர்ன்பாமி. நம் வீட்டுப் பூந்தொட்டிகளில் மழைக்குப் பின் வருகிற அதே மஞ்சள் காளான். வெப்பநாடுகளில் பரவலாக வளரும் இதற்கு 1839இல் கோர்டா என்ற பூஞ்சை ஆய்வாளர் பெயர் வைத்தது பிராக் நகரத்துக் கண்ணாடி வீட்டில் முளைத்த காளானைப் பார்த்து. குடை மேல் மாவு போன்ற துகள், விளிம்பில் கோடுகள், குடைக்கு அடியில் தகடு தகடாக இருக்கும், காம்பைத் தொடாத செவுள்கள், காம்பில் சிறு வளையம், செவுளிலிருந்து விழும் ஸ்போர் (விதை போன்ற நுண்தூள்) வெள்ளையாகப் படிவது ஆகியவை அதன் அடையாளங்கள். அதன் உறவான ஃப்ராஜிலிசிமஸ் இன்னும் மெலிந்தது. காலையில் நிமிர்ந்து நின்றால் உச்சிவேளைக்குள் துவண்டுவிடும். உன் படத்தில் வளையம் இல்லை என்பதை மட்டும் வைத்து இரண்டையும் தள்ளிவிடாதே. மழையில் வளையம் எளிதாகக் கழன்று விழும், துகளும் கழுவிப்போகும். மொட்டு நிலையில் ஒன்றிரண்டு கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

மஞ்சள் நிறம் பல பேரினங்களில் வரும் என்பதால் நிறத்தை வைத்துப் பேரினம் சொல்ல முடியாது. செவுள் தடித்து மெழுகுபோல இருந்தால் ஹைக்ரோசைபியைப் பார். ஸ்போர் படிவு இளஞ்சிவப்பாக, ஸ்போர் கோணல்மாணலாக இருந்தால் என்டோலோமா. இளஞ்சிவப்புப் படிவோடு செவுள் காம்பைத் தொடாமல் இருந்து, மரத்துண்டில் முளைத்திருந்தால் புளூட்டியஸ். காய்ந்ததை நனைத்தால் மறுபடி விரிந்துகொள்வது மராஸ்மியஸ். இதை முடிவு செய்யாமல் மேலே போகாதே. பேரினம் தவறினால் ஒப்பிடும் பட்டியலே தவறாகிவிடும்.

அடுத்த முறை வனத்துறை அனுமதியோடு போகும்போது முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். பறிக்கும் முன் படம், அளவுகோலை வைத்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும். பிறகு கத்தியால் மண்ணோடு தோண்டி எடு, இழுத்துப் பிடுங்காதே. காம்பின் அடியில் உள்ள வீக்கமும் வெள்ளை இழைகளும் மண்ணிலேயே தங்கிவிட்டால் பாதி அடையாளம் போய்விடும். செவுளைக் காட்டியும், நெடுக்கே இரண்டாக வெட்டியும் படம் எடு. நிறத்தை 'மஞ்சள்' என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. கார்னரப்பும் வான்ஷரும் தொகுத்த நிறப் புத்தகத்தின் எண்ணைக் குறி. குடை நடு, விளிம்பு, செவுள், காம்பு நான்குக்கும் தனித்தனியாக எழுது. நனைந்தபோது ஒரு நிறம், காய்ந்தபோது வேறு நிறம் என்றால் இரண்டையும் குறி. வாசனை, கசக்கினால் நிறம் மாறுகிறதா, குட்டிச் செவுள்கள் எத்தனை வரிசை, பக்கத்தில் என்ன மரம், கடல்மட்டத்திலிருந்து உயரம், ஜிபிஎஸ் ஆயத்தொலை இதெல்லாம் அங்கேயே எழுத வேண்டியவை. பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்து அழுகும். அலுமினியத் தாளில் தனித்தனியாகச் சுற்று.

ஒரு குடையை வெட்டி, செவுள் கீழே பார்க்கப் பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கண்ணாடித் துண்டிலும் படும்படி வைத்து இரவு முழுவதும் மூடி வை, ஸ்போர் படிவு கிடைக்கும். மற்றவற்றை 40 முதல் 45 டிகிரியில் காற்றோட்டத்தோடு உலர்த்து. நம்மூர் வெயில்தான் இருக்கிறதே என்று மொட்டைமாடியில் போட்டுவிடாதே. நிறம் வெளுக்கும், ஈ முட்டையிடும். சூடு அதிகமானால் திசு வெந்து, பிறகு நுண்ணோக்கியில் செல்கள் விரியாது. அப்பளம் மாதிரி ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. உலர்ந்ததும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத உறையில் வை.

நுண்ணோக்கி வேலையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பிளேடால் செவுளைக் குறுக்கே மெல்லச் சீவி, 5 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, காங்கோ சிவப்பில் நிறமேற்று. எண்ணெயில் தோயும் 100 மடங்கு லென்ஸ் இல்லாமல் ஸ்போரை அளக்காதே. அளவுகோல் ஸ்லைடு வைத்து ஒவ்வொரு லென்ஸையும் தனித்தனியாகச் சரிபார். அது தவறினால் எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் தவறும், பார்த்தால் சந்தேகமே வராது. ஒரு காளானுக்குக் குறைந்தது 20 ஸ்போர், முடிந்தால் 30. பக்கவாட்டில் படுத்திருப்பதை மட்டும் எடு, பசிடியத்தில் (ஸ்போரைத் தாங்கும் செல்) ஒட்டியிருந்த முனையைச் சேர்க்காமல் நீளமும் அகலமும் அள. செவுளைச் சீவியதில் மிதக்கும் ஸ்போரில் முதிராததும் கலந்திருக்கும், அதனால் படிவில் விழுந்ததையே அள. சராசரியையும் நீள அகல விகிதத்தையும் சேர்த்துத் தா.

ஸ்போரின் நிறமாற்றத்தைச் சோதிக்கும் மெல்சர் கரைசலுக்கு அயோடின் 0.5 கிராம், பொட்டாசியம் அயோடைடு 1.5 கிராம், தண்ணீர் 20 மில்லி, குளோரல் ஹைட்ரேட் 22 கிராம். ஸ்போர் நீலக்கறுப்பானால் அமிலாய்டு, செம்பழுப்பானால் டெக்ஸ்ட்ரினாய்டு, எதுவும் ஆகாவிட்டால் அதையும் எழுது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறியதைக் கழுவாமல் மெல்சரில் போட்டால் அயோடின் நிறமிழந்துவிடும். 'மாற்றம் இல்லை' என்று தவறாக எழுதிவிடுவாய். செவுள் விளிம்பிலும் பக்கத்திலும் சிஸ்டிடியா (ஸ்போர் தராத, துருத்தி நிற்கும் செல்கள்) உண்டா, பசிடியத்தில் ஸ்போர் நான்கா இரண்டா, குடைத்தோல் செல்கள் உருண்டையா நீண்டதா, இழைச் செல்களுக்கு நடுவே சிறு பாலம் போன்ற கிளாம்ப் இணைப்பு இருக்கிறதா என்று பார். கிளாம்ப் 'இல்லை' என்று எழுத, பசிடியத்தின் அடி முதல் காம்பு இழை வரை தேடியிருக்க வேண்டும்.

மரபணு வேலை உனக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். உலர்ந்த செவுளில் 10 முதல் 20 மில்லிகிராம் போதும். வெளித்தோலில் எடுத்தால் பூஞ்சணத்தின் வரிசை வந்து நிற்கும். பூஞ்சையை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் ஐடிஎஸ் என்ற மரபணுப் பகுதிக்கு ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4 பிரைமர்கள். எல்எஸ்யு என்ற ரைபோசோம் மரபணுப் பகுதியையும் சேர். தெரிந்த வரிசைகளோடு ஒற்றுமை 97 சதவீதத்துக்குக் கீழே போனால் புதிது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கோடு எல்லாப் பேரினத்துக்கும் பொருந்தாது, ஜென்பேங்க் என்ற மரபணு வரிசைத் தரவுத்தளத்தில் தவறான பெயரில் கிடக்கும் வரிசைகளும் உண்டு. பல காளான்களுக்கு வரிசையே கிடையாது.

அந்தக் கடைசி விஷயம் நமக்குப் பெரிய விஷயம். நம் மலைக் காளானோடு ஒப்பிட முதலில் பார்க்க வேண்டியது இலங்கை. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து த்வெய்ட்ஸ் அனுப்பியவற்றை வைத்து பெர்க்லியும் புரூமும் 1870களில் ஏராளமான பெயர்கள் வைத்தார்கள். பிறகு பெட்ச் அங்கேயே இருந்து ஆராய்ந்தார். 1986இல் பெக்லர் இலங்கையின் செவுள் காளான்களை மொத்தமாகத் திருப்பிப் பார்த்தார். மூல மாதிரிகள் லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. நூற்றைம்பது வருடத்துக்கு முன் இரண்டு வரியில் எழுதப்பட்ட ஒரு மஞ்சள் காளான் உன்னுடையதாகவே இருக்கலாம். மரபணு வரிசை இல்லை என்பதற்காக அந்தப் பெயர் செத்துவிடாது. தென்னிந்தியக் காளான்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடராஜன் செய்த வேலையையும் படி.

பெயர் செல்லுபடியாக ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி வேண்டும், அது ஒரே ஹெர்பேரியத்தில் (உலர் மாதிரிக் காப்பகம்) இருக்க வேண்டும், எது என்றும் எழுத வேண்டும். விளக்கத்தை 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம், அதற்கு முன் லத்தீன் கட்டாயம். 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற பூஞ்சைப் பெயர்ப் பதிவகத்தில் எண் வாங்கி அதைக் கட்டுரையிலேயே அச்சிட வேண்டும். ஒரே சேகரிப்பில் பல காளான்கள் இருந்தால், எல்லாமே ஒரே சிற்றினம்தானா என்று ஒவ்வொன்றிலும் ஸ்போர் பார். சிறிய மஞ்சளில் இரண்டு வகை கலந்து முளைப்பது சாதாரணம். ஊர்ப்பெயர் வைக்க ஆசைப்பட்டால் பேரினப் பெயரின் லத்தீன் இலக்கணப் பாலைப் பார்: மைசீனாவுக்கு சிறுமலையென்சிஸ், என்டோலோமாவுக்கு சிறுமலையென்சே. கட்டுரை வரும்வரை அந்தப் பெயரை எங்கும் வெளியிடாதே. செல்லாத பெயர் பட்டியல்களில் சுற்றிக்கொண்டே இருந்து அடுத்தவரைக் குழப்பும்.

ஒரே ஒரு சேகரிப்பை வைத்து எழுதாதே, தம்பி. சிறுமலையிலேயே வேறு சோலையிலும், முடிந்தால் கொடைக்கானல் சரிவிலும் தேடு. வயதுக்கும் மழைக்கும் ஏற்ப எது மாறுகிறது, எது மாறவில்லை என்பது அப்போதுதான் புரியும். ஹெர்பேரியத்துக்கு அனுப்பும் முன் உலர்ந்த மாதிரிகளை மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பூச்சியைக் கொல். ஸ்போர் படிவைத் தனி உறையில் போட்டு, எல்லா உறையிலும் ஒரே சேகரிப்பு எண்ணைப் பென்சிலால் எழுது. பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.

அன்புடன்,
அம்மா